வாங்கின விலைக்கு வந்தால் போதும்

அத்தியாயம் ஒன்பது

சோடாவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. நான்கு நாட்களாகப் பங்குச் சந்தைப் பாடம். மூன்று வாத்தியார்கள். ஒரே கேள்விக்கு மூன்று விடைகள், மூன்றும் சரி என்று மூன்று பேரும் சத்தியம் செய்கிறார்கள்.

“டீச்சர், நான் பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல ரெண்டு வருஷம் உட்கார்ந்தவன். அப்பகூட இவ்வளவு அவமானப்பட்டதில்ல,” என்றான்.

டீச்சர் கையிலிருந்த தாளையே முறைத்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். இன்னமும் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. சோடா அவருடைய உதவியாளன். மூடியைத் திறந்தால் பொங்கிவிடுவான் என்பதால் யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

வழக்கமாக அடுத்தவர் வீட்டு வழக்கு என்றால் சோடா ஜோக் அடித்தே பொழுதை ஓட்டிவிடுவான். இது அவனுடைய சொந்த அக்கா வீட்டுக்காரர் விஷயம். அத்தான் இந்த வர்த்தக நிறுவனத்தில் பதினோரு வருடமாகப் பங்குகளைத் தேர்ந்தெடுத்து வாங்குகிறவர். நிறுவனம் வாங்கப்போகும் பங்கை ஊழியர்கள் தங்களுக்கென்று வாங்கக்கூடாது என்பது விதி. ஆனால் யாரோ ஒரு முதியவர் பெயரில் ஒரு ரகசியக் கணக்கு இருக்கிறது. அத்தான் எதைத் தேர்ந்தெடுத்தாலும், நிறுவனம் வாங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அந்தக் கணக்கு வாங்கிவிடுகிறது. நாற்பத்தொரு தடவை. முதியவரைக் கேட்டால், அப்படி ஒரு கணக்கு தன் பெயரில் இருப்பதே தெரியாது என்கிறார்.

“அவர் தேர்ந்தெடுத்த பங்கு, அவரே வாங்கியிருக்கார்” என்று நிறுவனம் முடிவு கட்டிவிட்டது. இன்று நான்கு மணிக்கு விசாரணைக் கமிட்டியின் தீர்ப்பு. குற்றம் உறுதியானால் அத்தானின் உரிமம் ஆயுளுக்கும் போய்விடும். வேறு எந்த நிறுவனத்திலும் அவர் இந்த வேலையைத் தொடமுடியாது. வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியவும் தெரியாது.

காலை ஒன்பது மணிக்கே அவரைக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்து, போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அக்கா சோடாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“டேய், கண்டுபிடிச்சாச்சா இல்லையா?”

“கண்டுபிடிச்சுக்கிட்டே இருக்கோம் அக்கா.”

“நாலு நாளா இதையேதான் சொல்ற. உன்னை நம்பி அந்த டீச்சரம்மாவைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!” பட்டென்று வைத்துவிட்டாள்.

சோடா போனைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் திரும்பினான். “அந்த நோட்டுதான் டீச்சர் எல்லாத்துக்கும் காரணம்.”

அதுதான் இந்த அலுவலகத்தின் விசித்திரமான வழக்கம். காலை ஒன்பது மணிக்குள் ஒவ்வொருவரும், இன்று எதை வாங்கப்போகிறேன், ஏன் வாங்கப்போகிறேன் என்று நோட்டில் எழுதி, தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில் வைக்கவேண்டும். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். தண்ணீர் குடிக்கப் போகிற யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். அத்தானோடு வேலை பார்க்கும் மூன்று வர்த்தகர்கள்மேல்தான் டீச்சருக்குச் சந்தேகம்; சோடா சொல்லும் மூன்று வாத்தியார்களும் அவர்கள்தான்.

“நோட்டுல வாங்கறது மட்டும்தானே இருக்கு?” என்றார் டீச்சர். “எப்ப விக்கணும்னு யாரும் எழுதறதில்ல. திருடினவன் வாங்கறதைக் காப்பி அடிச்சுட்டான். விக்கிறதைத் தன் சொந்த புத்தியிலதான் பண்ணியாகணும். அங்கதான் ஆள் மாட்டுவான்னு நாலு நாளா சொல்றேன்.”

அவர் கையிலிருந்த தாளில் அந்த விற்பனைகள்தான் இருந்தன. ரகசியக் கணக்கு வாங்கிய நாற்பத்தொன்றில் நாற்பது விற்றாகிவிட்டது. பதினொன்று வாங்கியவுடன் ஏறியவை, அவற்றில் கொஞ்சம் லாபம் பார்த்திருக்கிறார்கள். மற்ற இருபத்தொன்பதும் வாங்கிய பிறகு இறங்கியவை. அவற்றை வாரக்கணக்கில், சிலவற்றை மாதக்கணக்கில் வைத்திருந்து, வாங்கின விலைக்குத் திரும்பி வந்த அன்றே விற்றிருக்கிறார்கள். ஒன்றுகூட நஷ்டத்தில் போகவில்லை, ஒன்றுகூட லாபம் வரும்வரை நிற்கவில்லை.

“இதைக் கமிட்டிகிட்டச் சொன்னோமே.”

“சொன்னோம். குணத்தை வெச்சு ஆளை விட முடியாது, வேற ஆளைக் காட்டுங்கன்னு சிரிச்சாங்க.” டீச்சர் தாளை மேசையில் அறைந்தார். “நானும் மூணு பேரையும் எப்ப விப்பீங்க, எப்ப விப்பீங்கன்னு கேட்டுப் பார்த்துட்டேன். ஆளுக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்றாங்க. பேச்சைக் கேட்டது போதும். ஆட விட்டுப் பார்ப்போம்.”

*

நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கென்று ஒரு பயிற்சித் திரை இருந்தது. பழைய பங்குகளின் விலை ஏற்ற இறக்கத்தைப் பெயரில்லாமல் ஒரு படமாகக் காட்டும். நூறு என்ற விலைக்கு வாங்கியதாக வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு நாள் நகரும், விலை ஏறும் அல்லது இறங்கும். வெளியாட்கள் நிறுவனத்தின் கணினியைத் தொடக்கூடாது என்பதால், பொத்தானை அழுத்தக் கண்காணிப்பாளரே வந்து உட்கார்ந்தார்.

கண்காணிப்பாளர் தங்கமான மனிதர். அத்தான்மேல் புகார் கொடுத்தவர் அவர்தான் என்றாலும், நான்கு நாட்களாக டீச்சர் கேட்டதையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். “எனக்கு இந்த வாங்கறது விக்கிறது ஒண்ணும் தெரியாது மேடம். என் வாழ்க்கைல ஒரு பங்குகூட வாங்கினதில்ல. இங்க நான் வெறும் காவல்காரன்,” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஒவ்வொரு படத்தையும் கடைசி வரைக்கும் ஓட்டுங்க சார்,” என்றார் டீச்சர். “அவங்க வித்த பிறகும் ஓடட்டும். நானும் கத்துக்கணும். சோடா, எங்க நின்னுதுன்னு நம்பரை எழுதிக்கோ.”

முதலில் வந்தவர் கத்தரி. எது இரண்டு புள்ளி இறங்கினாலும் வெட்டிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். விலை தொண்ணூற்றெட்டு ஆனதுமே, “வித்தாச்சு!” என்று கத்தினார்.

“மூச்சு விடக்கூட நேரம் கொடுக்கலையே சார்,” என்றான் சோடா.

“மூச்சு விட்டா இன்னும் ரெண்டு இறங்கும் தம்பி.”

படம் மேலே ஓடியது. எண்பத்தைந்து வரை இறங்கி, மெல்ல எழுந்து, நூறுக்கு வந்தது. “அவ்வளவுதான்,” என்று கண்காணிப்பாளர் அடுத்த படத்துக்குப் போனார். கத்தரி நான்கு படங்களை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தவர் கோடு. அவர் விலையைப் பார்ப்பதைவிட, விலைகளுக்குக் கீழே தான் போடும் கோட்டைத்தான் அதிகம் பார்ப்பார். திரையில் விரலாலேயே கோடு இழுத்து, விலை அதைத் தொடுகிறதா, உடைக்கிறதா என்று மூக்கு ஒட்டும் தூரத்தில் நின்று பார்த்தார். விலை தொண்ணூற்று நான்குக்கு வந்தது, கோடு உடையவில்லை. நூறுக்கு ஏறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் திரையில் வேறு படம் வந்துவிட்டது.

“சார், என் கோடு நூத்திப் பத்து வரைக்கும் போகுது!”

“ஓ, சாரி சாரி,” என்றார் கண்காணிப்பாளர்.

கடைசியாகப் பொறுமை. அந்த அம்மாள் பங்குகளிடம் காட்டும் பொறுமையை மனிதர்களிடம் காட்டியதாக வரலாறு இல்லை. கம்பெனி என்ன செய்கிறது, கடன் எவ்வளவு என்று கொடுத்திருந்த குறிப்பைப் பத்து நிமிடம் படித்தார். விலை எழுபதுக்கு விழுந்தபோது பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், முப்பது போயிடுச்சு,” என்று சோடா பதறினான்.

“கம்பெனி எங்கயும் போகலையே. நீ ஏன் குதிக்கிற?”

விலை எழும்பி நூறைத் தொட்டது. படம் மாறியது. பொறுமை மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “யோவ், நான் விக்கிறேன்னு சொன்னேனா?”

“மன்னிச்சுக்கங்க மேடம், கை தவறிடுச்சு.”

“நாலு படத்துல மூணு தடவையா கை தவறும்?” என்று கேட்டுவிட்டுக் கோபமாக எழுந்து போனார்.

டீச்சர் தன் தாளையும் சோடாவின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கத்தரி நஷ்டத்தில் விற்கிறார். கோடு, தான் போட்ட கோடு உடைந்தால் விற்கிறார், வாங்கின விலை அவருக்கு நினைவுகூட இல்லை. பொறுமை விற்பதே இல்லை. ரகசியக் கணக்கின் சாயல் ஒருவரிடமும் இல்லை. மணி ஒன்றரை ஆகியிருந்தது.

*

மாடிப்படியில் உட்கார்ந்து சோடா பொங்கித் தீர்த்தான்.

“போதும் டீச்சர். எனக்குக் கத்தரியா, கோடா, பிஸ்கட்டா ஒண்ணும் புரியல. அக்காகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்? அத்தான் இனிமே என்ன பண்ணுவார்? அம்பது வயசுல யார் வேலை கொடுப்பாங்க?”

“கத்தாதே. எனக்கும் எரிச்சலாத்தான் இருக்கு.”

“அந்தக் கண்காணிப்பாளர் வேற. கடைசி வரைக்கும் ஓட்டுங்கன்னு நீங்க தலைதலையா அடிச்சுக்கறீங்க. பன்னெண்டு படத்துல ஒன்பதைப் பாதியிலேயே நிறுத்திட்டார். சாப்பாட்டு அவசரம்போல.”

டீச்சர் சட்டென்று திரும்பினார். “எங்க நிறுத்தினார்?”

“அதான் எழுதியிருக்கேனே. நூறு. நூறு. நூத்தி ஒண்ணு. நூறு. நூறு...” சோடாவின் குரல் பாதியில் தேய்ந்தது. ஒன்பது எண்களையும் மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தான். “மிச்சம் மூணும் முழுசா ஓடியிருக்கு. அது மூணும் இறங்கவே இறங்காதது.”

“இறங்கின ஒன்பதும் வாங்கின விலைக்குத் திரும்பி வந்ததும் அவருக்கு ஆட்டம் முடிஞ்சுபோச்சு.” டீச்சர் படியிலிருந்து எழுந்துவிட்டார். “மூணு பேர் ஆடறாங்கன்னு நெனச்சு அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தோம். பொத்தானை அழுத்தினவர் நாலாவதா உட்கார்ந்து மனசுக்குள்ள வித்துக்கிட்டே இருந்திருக்கார்.”

“ஒரு பங்குகூட வாங்கினதில்லன்னாரே?”

“வாங்காதவருக்கு வாங்கின விலைமேல என்னப்பா அக்கறை? கோடு போடறவருக்கே அது ஞாபகமில்ல. பெயரில்லாத ஒரு பழைய பங்கு, அதுல இவர் காசு ஒரு சல்லி கிடையாது. அதுலயும் நூறு வந்ததும் கை தானா போகுது. எத்தனை தடவை அந்த இடத்துல வித்திருந்தா அந்தப் பழக்கம் வரும்?”

சோடா துள்ளி எழுந்தான். தினமும் காலையில் நோட்டைத் திறந்து கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். அடுத்த நொடியே அந்த உற்சாகம் வடிந்துவிட்டது. “இதைப் போய்ச் சொன்னா மறுபடி குணம், சாட்சியில்லன்னு சிரிப்பாங்க.”

“சிரிப்பாங்க,” என்று ஒப்புக்கொண்டார் டீச்சர். பிறகு தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். “இந்த நாற்பத்தொண்ணாவது இன்னும் விக்கலை. வாங்கினது முன்னூத்திப் பன்னெண்டுக்கு. ஒரு மாசமா கீழேயே கிடக்கு. இன்னிக்கு என்ன விலை பாரு.”

சோடா போனில் தேடினான். “முன்னூத்தி ஏழு. காலையிலேர்ந்து ஏறிக்கிட்டிருக்கு.”

“நாலு மணிக்குத் தீர்ப்பு வந்ததும் அந்தக் கணக்கை முடக்கிடுவாங்க. அப்புறம் தொடமுடியாது. சந்தை மூணரைக்கு மூடுது. உங்க அத்தான் கையில போன் இல்ல, வாசல்ல காவல் இருக்கு. இப்ப அந்தக் கணக்கு வித்தா, வித்தது அவரில்ல.”

“கண்காணிப்பாளர் அவ்வளவு முட்டாளா டீச்சர்? மாட்டிக்குவோம்னு தெரியாதா?”

“தெரியும். அதுக்காக விடுவாரான்னுதான் பார்க்கணும்.”

*

கமிட்டித் தலைவி கண்டிப்பான அம்மாள். அந்தக் கணக்கைப் பார்வையிட மட்டும் அவருக்கு அனுமதி இருந்தது. சந்தை மூடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று டீச்சர் தனியாகக் கேட்டபோது, “பார்க்கறதுல எனக்கு என்ன நஷ்டம்?” என்று மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். புகார் கொடுத்தவர் என்ற முறையில் கண்காணிப்பாளரையும் அறைக்கு வரச்சொன்னார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் எல்லாப் பங்குகளின் விலையும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பதுக்கு முன்னூற்று ஒன்பது. மூன்று மணிக்கு முன்னூற்றுப் பதினொன்று. கண்காணிப்பாளர் தலைவியிடம் கோப்புகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மூன்று பத்துக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு.

விலை முன்னூற்றுப் பன்னிரண்டரைக்கே போனது. கண்காணிப்பாளர் ஒரு முறை சுவரைப் பார்த்தார், அவ்வளவுதான். போன் சட்டைப்பையிலேயே இருந்தது. தலைவி டீச்சரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் விலை இறங்க ஆரம்பித்தது. பதினொன்று. பத்தரை. பத்து.

“போச்சு,” என்று சோடா டீச்சரின் காதில் முணுமுணுத்தான். அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. “அவர் வாத்தியார்களுக்கே வாத்தியார் டீச்சர்.”

“அவரைப் பாரு. திரையைப் பார்க்காதே.”

சோடா பார்த்தான். விலை ஏறியபோது அசையாமல் இருந்த மனிதர் இப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டார். கோப்பில் ஒரே பக்கத்தை மூன்று முறை புரட்டினார். கையில் வந்ததை நழுவ விட்டவனின் தவிப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மூன்று இருபத்தாறுக்கு விலை மறுபடி திரும்பியது. பதினொன்று. பதினொன்றரை. கண்காணிப்பாளரின் இடது கை மேசைக்குக் கீழே போனது. வலது கை கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு.

அவர் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“விற்பனை,” என்றார் தலைவி. மடிக்கணினியில் இன்னொரு முறை உற்றுப் பார்த்துக்கொண்டார். “மூணு இருபத்தெட்டு. முன்னூத்திப் பன்னெண்டு.”

டீச்சர் மெதுவாகக் கேட்டார். “சார், உங்க போனை மேசைமேல வைக்கிறீங்களா?”

கண்காணிப்பாளர் எதையோ மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு. “முப்பத்தெட்டு நாள் மேடம். தூக்கமில்ல. வாங்கின விலைக்கு வந்தா போதும், விட்டுடலாம்னு இருந்தேன். முதல் தடவை வந்தப்ப மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். இறங்கினப்ப தாங்க முடியல.”

“நஷ்டத்துல வித்துட்டுப் போயிருக்கலாமே சார்,” என்றான் சோடா. “நாலு காசு போயிருக்கும். இப்படி ஆகியிருக்காதே.”

“நஷ்டத்துல எப்படிங்க விக்கிறது?” என்று அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

*

காத்திருப்பு அறையில் அத்தான் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார். சோடா விஷயத்தைச் சொன்னான். குதிப்பார், கட்டிப்பிடிப்பார், குறைந்தபட்சம் நான்கு நல்ல வசவாவது விடுவார் என்று எதிர்பார்த்தான்.

அத்தான், “அவரா?” என்று மட்டும் கேட்டார்.

“அவரேதான். உங்க நோட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிட்டு, பழியையும் உங்க தலையிலேயே போட்டிருக்கார். பாவின்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தான்!”

“பதினோரு வருஷத்துல என் நோட்டை முழுசாப் படிச்சவர் அவர் ஒருத்தர்தான்டா. நான் எழுதினதுக்கெல்லாம் மேலதிகாரி கிண்டல் பண்ணுவார், கூட இருக்கிறவங்க கொட்டாவி விடுவாங்க. இவர் கையெழுத்துப் போட்டுட்டு, நல்லா யோசிச்சிருக்கீங்கன்னு சொல்லுவார். அதைக் கேட்கறதுக்காகவே ராத்திரியெல்லாம் யோசிச்சு எழுதுவேன். சும்மா சொல்றார்னு நெனச்சேன். தன் காசையே போடற அளவுக்கு நம்பித்தான் சொல்லியிருக்கார்.”

சோடாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நான்கு நாள் பட்ட பாட்டுக்கு யாரையாவது நன்றாகத் திட்டவேண்டும்போல் இருந்தது. அத்தானின் கண்களைப் பார்த்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டான். பையில் போன் அதிர்ந்தது. எடுத்து, காதில் வைக்காமல் அப்படியே அவரிடம் நீட்டினான்.

“அக்கா. காலையிலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கா. முதல்ல அவகிட்டப் பேசுங்க அத்தான்.”